நாளைய சைக்கிள்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

இருபது வருடம் சைக்கிள் தொழிற்சாலையில் பிரேம் பகுதியில் இருந்தேன். இப்போது வீட்டுத் திண்ணையில் பழைய வண்டிகளைப் பிரித்து மாட்டுவதுதான் பொழுதுபோக்கு. "இனி வரப்போகிற சைக்கிளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு பிளஸ் ஒன் மாணவர்: அண்ணா, பஞ்சரே ஆகாத டயர் எப்போது வரும்? எங்கள் ஊரில் வாரத்துக்கு ஒரு கருவேல முள்ளாவது குத்திவிடுகிறது.

தம்பி, பஞ்சர் ஆகாத டயர்தான் முதலில் வந்தது. 1888இல் டன்லப் என்பவரின் காற்று டயர் வரும்வரை கெட்டி ரப்பரில்தான் ஓட்டினார்கள். முதுகு என்ன பாடுபட்டிருக்கும் என்று நீயே நினைத்துப் பார். காற்று டயர் பள்ளத்தில் அமுங்கும், உடனே நிமிரும்; வாங்கிய விசையில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். பஞ்சர் ஆகாது என்று விற்கிற, காற்றுக்குப் பதில் ஃபோம் உள்ள டயர் அதில் நிறையச் சூடாக்கி வீணடிக்கும். அதை மாட்டி மிதித்தால் யாரோ கேரியரைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருப்பது அதனால்தான்.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. வேற்றுக் கிரகத்தில் ஓட்டும் வண்டிக்காக நாசா, நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகத்தில் கம்பி வலை டயர் செய்தது. எவ்வளவு நசுங்கினாலும் பழைய உருவத்துக்கே வந்துவிடும். சைக்கிளுக்கும் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். உன் கைக்கு எட்டும் விலைக்கு இறங்க நாளாகும்.

அதுவரை ஒன்று செய். பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து, டயருக்கும் புது டியூபுக்கும் நடுவில் பட்டையாகப் போடு. அதற்கு முன்னால் ஒரு பஞ்சுத் துணியை டயரின் உட்பக்கம் முழுக்க ஓட்டிப் பார். ஒடிந்து உள்ளேயே நிற்கும் முள் நுனி கண்ணுக்குத் தெரியாது, துணியில் மாட்டும். வாரா வாரம் பஞ்சராவது புது முள்ளால்தானா என்று எனக்குச் சந்தேகம்.

சேலத்திலிருந்து ஒரு குடும்பத் தலைவி: எனக்கு 46 வயது. இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். விழாத சைக்கிள் என்று ஒன்று வருமா சார்?

பாதி வந்துவிட்டது அம்மா. சைக்கிள் ஏன் விழாமல் நிற்கிறது என்றால், அது சாயும் பக்கமே ஹேண்டில்பார் திரும்புவதால். இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கமே திருப்ப வேண்டும். கற்றுக்கொள்ளும்போது பயத்தில் எதிர்ப்பக்கம் திருப்புகிறோம், விழுகிறோம். கொஞ்சம் வேகம் வந்துவிட்டால் வண்டி தானாகவே அதைச் செய்துகொள்ளும். மெதுவாகப் போகும்போதுதான் ஆட்டமெல்லாம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கசெல் சைக்கிள் நிறுவனமும் சேர்ந்து 2019இல் ஒரு மாதிரி வண்டியைக் காட்டின. சாய்வை ஒரு சென்சார் உணரும். ஹேண்டில்பார் தண்டில் உள்ள சின்ன மோட்டார் அந்தப் பக்கம் லேசாகத் திருப்பிவிடும். அங்கே வயதானவர்கள் நிறையப் பேர் ஓட்டுகிறார்கள், விழுகிறார்கள். அவர்களை மனதில் வைத்துச் செய்தது. ஆனால் அசையாமல் நிற்கும் வண்டியை அதுவும் காப்பாற்றாது.

நீங்கள் காத்திருக்க வேண்டாம். பெடல் இரண்டையும் கழற்றிவிடுங்கள், சீட்டை இரண்டு பாதமும் தரையில் பதியும்வரை இறக்குங்கள், காலால் உந்தி உந்திப் போங்கள். 1817இல் டிரைஸ் என்ற ஜெர்மானியர் செய்த முதல் வண்டியே அப்படித்தான், பெடலே கிடையாது. குரங்குப் பெடல் போட்டு முட்டி பேர்த்துக்கொண்ட எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.

கோவையிலிருந்து ஒரு பொறியியல் மாணவி: 140 வருடமாக சைக்கிளின் உருவம் மாறவே இல்லையே, ஏன்?

1885இல் ஸ்டார்லி என்பவரின் ரோவர் சைக்கிள் வந்தபோதே இரண்டு சம சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின் என்று ஏறக்குறைய எல்லாம் அமைந்துவிட்டது. மாற்றப் பார்க்காமல் இல்லை. 1933இல் ஃபிரான்சிஸ் ஃபோர் என்பவர் மல்லாந்து சாய்ந்து ஓட்டும் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்ற சாதனையை முறியடித்தார். மறுவருடமே உலக சைக்கிள் சங்கம் அந்த மாதிரி வண்டியைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டது. ஆனாலும் ஆட்கள் விடவில்லை. 2016இல் அமெரிக்காவின் நெவாடாவில் டாட் ரைகர்ட், கூடு மூடிய ஒரு படுக்கை சைக்கிளை மணிக்கு 144.17 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தார். மோட்டார் இல்லை, வெறும் கால்.

அது நம் சாலைக்கு வருமா? பஸ் டயர் உயரத்தில் படுத்துக்கொண்டு போக எனக்குத் தைரியமில்லை. உருவம் மாறப் போவது சுமைக்காகத்தான் என்பது என் கணக்கு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அப்போது பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே கேட்டார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! லேடீஸ் சைக்கிளை வரைந்தவர்களுக்குப் புடவை தெரிந்தது, குழந்தை தெரியவில்லை. பின்பக்கத்தை நீட்டி இரண்டு குழந்தையும் அரிசிப் பையும் ஏற்றுகிற மாதிரி வண்டிகள் வெளிநாட்டில் ஓடுகின்றன. இங்கே அதை மலிவாகச் செய்பவர் ஜெயிப்பார்.

சென்னையிலிருந்து ஒருவர்: பிரேக் பிடித்தால் பேட்டரி சார்ஜ் ஆகும் சைக்கிள் வாங்கலாமா?

ஆளும் வண்டியுமாக 90 கிலோ, 20 கிலோமீட்டர் வேகம் என்றால் அதில் இருக்கும் ஆற்றல் 0.4 வாட்-மணிகூட இல்லை. பேட்டரியோ 360 வாட்-மணி. பாதியைப் பிடித்தால்கூட, நூறு தடவை நின்று கிளம்பினால் ஐந்து சதவீதம் தேறும். அதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.

திருச்சியிலிருந்து ஒருவர்: செயினுக்குப் பதில் பெல்ட்?

நல்ல விஷயம். எண்ணெய் வேண்டாம், வேட்டியில் கறை ஆகாது. ஆனால் செயினைப் போல பெல்ட்டைப் பிரித்து மாட்ட முடியாது. பின் பிரேமையே ஓரிடத்தில் வெட்டித் திறக்கும்படி செய்ய வேண்டும். பழைய பிரேமில் நடக்காது.

மதுரையிலிருந்து ஒருவர்: போனில் திறக்கும் ஸ்மார்ட் சைக்கிள் எப்படி?

2023 ஜூலையில், அந்த மாதிரி சைக்கிள் செய்த நெதர்லாந்தின் வேன்மூஃப் நிறுவனம் திவாலானது. ஆப் நின்றுபோனால் வண்டியை எப்படித் திறப்பது என்று வாங்கியவர்கள் கலங்கிப்போனார்கள். போட்டி நிறுவனம் ஒன்று வண்டியைத் திறக்கும் டிஜிட்டல் சாவியைச் சேமித்து வைக்க ஓர் ஆப் செய்து கொடுத்தது. எனக்கு வேண்டியது, தெருமுனைக் கடையில் பதினைந்தாம் நம்பர் ஸ்பேனரில் கழலும் வண்டி.

மறுபடியும் ராமநாதபுரம் தம்பி: பள்ளியில் கொடுத்த சைக்கிளில் மோட்டார் கிட் மாட்டலாமா அண்ணா?

மாட்டலாம். 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்டிருந்தால் பதிவு தேவையில்லை. முன்சக்கர மோட்டார் என்றால் அதன் அச்சு, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் வாயில் முறுக்கிக்கொண்டே இருக்கும். ஒருநாள் வாய் விரிந்து சக்கரம் கழன்றுவிடும். அச்சைப் பிடித்து நிறுத்தும் டார்க் ஆர்ம் என்ற இரும்புத் துண்டு கிட்டில் இருக்கிறதா பார். அப்புறம், உன் ரிம் இரும்பு என்றால் மழையில் பிரேக் வழுக்கும். மோட்டாருக்கு முன்னால் பிரேக் கட்டையை மாற்று. எந்தக் கட்டை என்று தெரியாவிட்டால் கழற்றி ஒரு படம் எடுத்து அனுப்பு, சொல்கிறேன்.