காலிக் கோட்டையில் பார்க்க என்ன இருக்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற டிசம்பரில் குடும்பத்தோடு இலங்கை போயிருந்தோம். கண்டி, நுவரெலியா எல்லாம் முடித்துக் கடைசி நாள் மதியம் காலிக் கோட்டையில் இறக்கிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் கொடுத்தார்கள். கலங்கரை விளக்கத்தின் முன் படம் எடுத்தோம், ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், கடைகளில் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பினோம். “வெள்ளைக்காரன் கட்டிய கோட்டைக்குள் வெள்ளைக்காரர்களுக்கான காபிக்கடைகள், இதற்கா உலகப் பாரம்பரியப் பட்டியல்?” என்று மாமனார் கேட்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது. நீங்கள் ஓர் உரையில் காலியைப் பற்றி அத்தனை ஆசையாகப் பேசியதைக் கேட்டதால் எழுதுகிறேன். மறுபடி கொழும்பில் ஒரு வேலை இருக்கிறது, இரண்டு நாள் கையில் இருக்கும். காலிக்குத் திரும்பப் போகலாமா? போனால் எதைப் பார்ப்பது?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

தாராளமாகப் போங்கள். இந்த முறை கோட்டைக்குள்ளேயே ஓர் இரவு தங்குங்கள், அதைத்தான் வற்புறுத்திச் சொல்வேன். மதியம் ஒரு மணிக்குக் காலியில் யாரை இறக்கிவிட்டாலும் அந்த ஊர் பிடிக்காது. மதில்மேல் நிழல் கிடையாது, சுற்றுலா வேன்கள் எல்லாம் அந்த நேரத்தில்தான் உள்ளே நிற்கும். ஐந்து மணிக்கு மேல் வேன்கள் கிளம்பியதும் உள்ளூர்க்காரர்கள் மதில்மேல் ஏறுகிறார்கள். பட்டம் விடும் பையன்கள், கைக்குழந்தையோடு வரும் குடும்பங்கள், கடலைப் பார்த்து ஒரே குடைக்குள் உட்கார்ந்திருக்கும் காதலர்கள் என்று அது வேறு ஊராகிவிடும். காலையில் ஆறு மணிக்கு இன்னொரு முறை நடங்கள். நிதானமாகச் சுற்றினால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், கட்டணம் எதுவும் கிடையாது.

நடக்கும்போது மணிக்கூண்டுப் பக்கம் தொடங்குவது நல்லது. சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று மூன்று கொத்தளங்கள் நிலத்தைப் பார்த்து நிற்கின்றன, கோட்டையிலேயே தடித்த மதில் அங்கேதான். போர்த்துக்கீசியர்கள் கடல் பக்கம் பாறைகளே போதும் என்று நம்பி நிலத்தை நோக்கி மட்டும் பலமாகக் கட்டினார்கள். 1640-ல் டச்சுக்காரர்கள் இடத்தைப் பிடித்தார்கள், கடலையும் நம்பாமல் 1663 முதல் சுற்றிலும் மதில் எழுப்பினார்கள். மொத்தம் 14 கொத்தளங்கள். கருங்கல்லோடு பவளப்பாறைத் துண்டுகளையும் சேர்த்துக் கட்டியிருப்பதால், உதிர்ந்த இடங்களில் குனிந்து பார்த்தால் பவளத்தின் துளைகள் தெரியும். பீரங்கிக் குண்டுக்காக எழுப்பிய மதில் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியைத் தாங்கியது. வாசலுக்கு வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் நாசமாயின, உள்ளே இருந்த வீடுகள் பெரும்பாலும் தப்பின. சந்திரக் கொத்தளத்தில் நின்றால் இந்த இரண்டு பக்கமும் ஒரே பார்வையில் விழும். அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

அந்த மைதானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2010 ஜூலை 22-ல் முரளிதரன் தன் கடைசி டெஸ்டில் 800-வது விக்கெட்டை எடுத்தது இங்கேதான், இந்தியாவுக்கு எதிராக. மதில்மேல் நின்று டிக்கெட் இல்லாமல் ஆட்டம் பார்ப்பது ஊரின் பழைய வழக்கம். நீங்கள் போகும் நாளில் டெஸ்ட் போட்டி நடந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிப்போடலாம்.

ஊருக்குள் நான் முதலில் காட்ட நினைப்பது சாக்கடையை. சிரிக்காதீர்கள். டச்சுக்காரர்கள் தெருக்களுக்கு அடியில் கால்வாய்கள் அமைத்து, கடல் ஏறும்போது நீர் உள்ளே புகுந்து கழிவை அடித்துக்கொண்டு போகும்படி செய்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் செய்த வேலை அது! அப்புறம் பழைய வாசல். வெளிப்புறத்தில் பிரிட்டிஷ் சின்னம், உட்புறத்தில் 1669 என்று பொறித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், அதில் ஒரு சேவல். இப்போது வண்டிகள் நுழையும் பெரிய வாசல் 1873-ல்தான் திறந்தது, அதுவரை ஊர் முழுக்க இந்த ஒரு வாசலைத்தான் நம்பியிருந்தது. 1755-ல் கட்டிய டச்சுத் தேவாலயத்தின் தரையில் கல்லறைப் பலகைகளைப் பதித்திருக்கிறார்கள், மெதுவாக நடந்து பாருங்கள். கலங்கரை விளக்கத்தின் எதிரே வெள்ளையாக நிற்பதைத் தேவாலயம் என்று நினைத்துக் கடந்திருப்பீர்கள், அது மீரான் பள்ளிவாசல். அந்தத் தெருக்களில் தலைமுறைகளாக வாழும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு, ரத்தினக்கல் வியாபாரம் செய்பவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். தமிழில் பேசிப் பாருங்கள், பல வீட்டுத் திண்ணைகளில் தமிழிலேயே பதில் வரும்.

காபிக்கடைகள் பற்றி உங்கள் மாமனார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பல குடும்பங்கள் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டன, வாங்கியவர்களில் வெளிநாட்டுக்காரர்கள் நிறைய. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. அதனால்தான் உள்ளூர்க் குடும்பம் தன் வீட்டிலேயே வாடகைக்கு விடும் அறையில் தங்குங்கள் என்கிறேன், அப்படிப்பட்டவை இன்னும் இருக்கின்றன. நாம் கொடுக்கும் பணம் அந்தக் குடும்பம் அங்கேயே இருப்பதற்கு உதவும். சாப்பாட்டுக்கு மட்டும் வாசலைத் தாண்டி வெளியே ஊருக்குள் போங்கள், விலை சரசரவென்று இறங்கிவிடும். குடம்புளி போட்டுச் சுண்டவைத்த சூரை மீன், அம்புல் தியல் என்பார்கள், தென்கரையின் சமையல். கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

ஆனால் ‘வெள்ளைக்காரன் கட்டிய ஊர்’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா 1344-ல் இந்த ஊருக்கு வந்திருக்கிறார், போர்த்துக்கீசியர் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்னால். அதைவிடப் பெரிய சாட்சி ஒரு கல். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணத்தோடு வந்தது, 1409 என்று தேதியிட்டது, சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள் அதில் இருக்கின்றன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற பெருமாளுக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கைகளை அறிவிக்கின்றன. காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: பொன், வெள்ளி, பட்டு, வாசனைத் திரவியம். இந்தக் கரையில் வியாபாரம் பேசும் மொழிகளில் தமிழும் ஒன்று என்று சீன அரசுக்குத் தெரிந்திருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கிறது. 1911-ல் காலியில் ஒரு சாலை மதகின் மூடியாகக் கிடந்த இடத்தில் அதைக் கண்டெடுத்தார்கள். இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலிக்குக் கிளம்பும் முன் அதைப் பார்த்துவிடுங்கள், பிறகு அந்த மதில்மேல் நீங்கள் நடப்பதே வேறு மாதிரி இருக்கும். அந்த நாயனாரின் கோயில் காலியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில், மாத்தறைக்கு அப்பால் தேவேந்திரமுனையில் இருந்தது. போர்த்துக்கீசியர்கள் அதை 1588-ல் இடித்தார்கள். இரண்டாம் நாள் காலையில் நேரம் இருந்தால் அங்கேயும் போய்வரலாம்.

பாரம்பரியப் பட்டியலில் 1988-ல் சேர்த்ததற்கு, ஐரோப்பியத் திட்டமும் தெற்காசியக் கட்டட மரபும் இங்கே கலந்திருப்பதைக் காரணமாகச் சொல்கிறார்கள். தெருவை நோக்கித் தூண்கள் வைத்த தாழ்வாரம், உள்ளே முற்றம் என்றிருக்கும் வீடுகளைப் பார்த்தால் மாமனாருக்கே புரிந்துவிடும். இத்தனையும் இடிபடாமல் நின்றதற்கு ஒரு காரணம், ஊர் நொடித்துப்போனதுதான். 1875-ல் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள், அதுவரை காலிக்கு வந்துகொண்டிருந்த கப்பல்கள் மெல்ல அங்கே போய்விட்டன, காலியில் பழையதை இடித்துப் புதிதாகக் கட்டும் அளவுக்குப் பணம் இல்லாமல் போனது.

ஒரு வேண்டுகோள். கொடிப்பாறையிலிருந்து கடலில் குதித்துக் காட்டுகிறோம் என்று இளைஞர்கள் பணம் கேட்பார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள், கீழே முழுக்கப் பாறை.

வேன் வேண்டாம், கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ரயிலில் போங்கள். போகும்போது வலப்பக்க ஜன்னல், கடலை ஒட்டியே தண்டவாளம் போகும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு, மே, ஜூனில் போனால் மதில்மேல் நடப்பது கஷ்டம். மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.