உறுதியில் முளைத்த 16 பேர்ச்

கேள்வி: ஐயா, சீதாஎலியப் பக்கம் காட்டோரமாக 40 பேர்ச் காணி விலைக்கு வந்திருக்கிறது. கட்டாரில் வேலை செய்யும் என் அண்ணன் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார். நொத்தாரிசு உறுதி, நில அளவைப் படம், பதிவகப் பதிவு எல்லாம் உண்டு, 15 வருடமாக லீக்ஸும் கரட்டும் போடுகிறார்கள் என்கிறார் தரகர். அது பிடிக்காவிட்டால் அருகில் அரசு கொடுத்த ஓர் அளிப்புக் காணியும் இருக்கிறதாம். வாங்கி வீடு கட்டலாமா? உறுதிகளின் பிரதிகளை இணைத்திருக்கிறேன்.
– வாசகி ஒருவர், நுவரெலியா

பதில்: மகள், உறுதியில் முதலில் பார்க்க வேண்டியது முத்திரையை அல்ல, கடைசியில் இருக்கும் அட்டவணையை. நீங்கள் அனுப்பிய பழைய உறுதியின் அட்டவணையில் காணி 24 பேர்ச். வடக்கெல்லை 'அரச காடு'. புதிய உறுதியில் அதே காணி 40 பேர்ச், வடக்கெல்லை 'ஓடை'. காணி குட்டி போடாது. அந்த 16 பேர்ச்சும் மேலே ஏறிக் காட்டுக்குள் போயிருக்கிறது. ஒவ்வொரு போகத்திலும் இரண்டு வரி லீக்ஸ் கூடுதலாகப் போடுவார்கள், வேலி பின்னாலேயே நடக்கும், பிறகு ஒரு நாள் அளவையாளரைக் கூட்டி வந்து வேலியைக் காட்டுவார்கள். நானும் அளவையாளனாக இருந்தவன்தான். விற்பவர் காட்டிய இடத்தை அளந்து, 'உரிமை கோருபவர் இன்னார்' என்று ஓரத்தில் எழுதிவிட்டுப் போவோம். அந்தச் சிறிய வரியை வாங்குபவர் வாசிப்பதே இல்லை.

உறுதி பதிவாகியிருக்கிறது என்பதற்காக நிம்மதியடையாதீர்கள். பதிவகம் பதிவது பத்திரத்தை; உரிமைக்கு அது உத்தரவாதம் தருவதில்லை. நொத்தாரிசு பதிவேட்டைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் தேடல் வேண்டாம் என்று தரப்பினர் எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் தப்பித்துக்கொள்வார். உங்கள் பிரதியின் கடைசிப் பக்கத்தில் அப்படி ஒரு வாசகம் இருக்கிறது, பாருங்கள். தரகர் அதைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டார்.

'15 வருடம் ஆண்ட காணி' என்பது தரகர்கள் ஊருக்கு ஊர் விற்கும் மருந்து. பத்து வருட ஆட்சியால், அதாவது காணியைத் தொடர்ந்து கையில் வைத்திருப்பதால், உரிமை வருவது தனியார் காணியில். அரசுக்கு எதிராக அந்தக் கணக்கு ஓடாது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அதற்கும் முன்னால், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடும் பயிரிடாத தரிசும் மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை அரசுடையது என்று அனுமானித்தது. அன்று கோப்பித் துரைமாருக்கு மலையை ஏக்கர் ஏக்கராக விற்பதற்கு அந்த அனுமானம் கைகொடுத்தது. இன்று அதே அனுமானம் உங்களைப் போன்றவர்களின் தலையில் விடிகிறது. சோலைவரி ரசீதும் மின்கட்டணப் பட்டியலும் இதற்கு ஈடாகாது. அரச காணிகளை மீட்கும் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்தால், நீதவான் கேட்பது ஒன்றைத்தான்: அரசின் செல்லுபடியான எழுத்து அனுமதி உண்டா? உறுதியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி இடம். சீதாஎலியவைச் சுற்றி இரண்டு காடுகள் இருக்கின்றன. கந்தப்பளை–சீதாஎலிய ஒதுக்குக்காடு வன பரிபாலனத் திணைக்களத்துக்கு உரியது. ஹக்கலை முற்றான இயற்கை ஒதுக்கம், 1938 முதல், வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் வருவது. ஹக்கலை என்றவுடன் எல்லோருக்கும் பூந்தோட்டம்தான் நினைவுக்கு வருகிறது. அது வேறு, 1861இல் காய்ச்சல் மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம். அதற்குப் பின்னால் எழும் மலைக்காடுதான் ஒதுக்கம். அதன் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனசீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். ஒரு மைல்! சீதையம்மன் கோவிலிலிருந்து நடந்தால் மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும் தூரம். ஆகவே சுத்தமான உறுதியுள்ள காணியிலும் வீடு கட்ட முடியாமல் போகலாம். தரகரிடம் இதைக் கேட்டால், 'அதெல்லாம் பேசிக்கொள்ளலாம்' என்பார். யாரிடம் பேசுவார் என்று கேளுங்கள்.

காட்டுக்கு ஒரு கந்தோர், விலங்குக்கு ஒரு கந்தோர், மண்சரிவுக்கு ஒரு கந்தோர், காணிக்கு ஒரு கந்தோர். நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே வரைபடத்தைப் பார்த்ததை என் சேவைக்காலத்தில் நான் காணவில்லை. தமிழில் விண்ணப்பம் எழுதுவீர்கள். பதில் சிங்களத்தில் வரும், அதுவும் மூன்றாவது நினைவூட்டலுக்குப் பிறகு. இந்தத் தாமதத்தில்தான் தரகர் பிழைக்கிறார். இருந்தும் போங்கள். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் இறுதிக் கிராமப் படத்தை, அதாவது ஊரின் காணித் துண்டுகளைக் காட்டும் அரச அளவைப் படத்தை, காட்டச் சொல்லி, உங்கள் துண்டு அதில் எங்கே விழுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

அளிப்புக் காணி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் படித்தவர்களும் விழுகிறார்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு முதலில் அனுமதிப்பத்திரம் கொடுக்கும். நிபந்தனைகள் நிறைவேறிய பின் அளிப்பு கொடுக்கும். ஜயபூமி, சுவர்ணபூமி என்று மக்கள் சொல்வது இந்த அளிப்புகளைத்தான். அனுமதிப்பத்திரத்தைக் காட்டி 'விற்கிறேன்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அளிப்பென்றால் விற்கலாம், ஆனால் பிரதேச செயலாளரின் முன்கூட்டிய எழுத்துச் சம்மதம் வேண்டும். 'முன்கூட்டிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். உறுதியை முடித்துவிட்டுப் பிறகு வாங்கித் தருகிறேன் என்பது வேலைக்காகாது. சம்மதமில்லாத கைமாற்றம் செல்லாது. துண்டாடவும் கட்டுப்பாடு உண்டு: இவ்வளவுக்குக் கீழே பிரிக்கக் கூடாது என்று அளிப்பிலேயே எழுதியிருக்கும். அரை ஏக்கர் அளிப்பில் 20 பேர்ச் உங்களுக்கு என்று ஒருவர் கயிறு கட்டிக் காட்டினால், அந்தக் கயிறு மட்டும்தான் உங்களுக்குச் சொந்தம். பின்னுரித்தாளராக, அதாவது உரிமையாளருக்குப் பின் காணி போய்ச் சேரும் ஆளாக, யார் பெயர் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். கிழவர் விற்பார், மகன் வந்து நிற்பான்.

மண்ணைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காட்டோர மேல்மண் கறுப்பாகப் பொலபொலவென்று கையில் உதிரும்; ஆசை வரும். ஒரு முழம் தோண்டிப் பாருங்கள், சிவப்பு மஞ்சள் களிதான். மரத்தை எடுத்தால் இரண்டு மழையில் கறுப்பு ஓடைக்குப் போய்விடும். மேலே மரங்கள் அடியில் வளைந்து நின்றாலோ, தரையில் பிறை போல வெடிப்பிருந்தாலோ, புதிதாக ஊற்றுக் கசிந்தாலோ அங்கே வீடு வேண்டாம். மீரியபெத்தை மண்சரிவை 2014 ஒக்டோபரில் பார்த்தோம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் அத்திவாரம் வெட்டாதீர்கள்.

நீங்கள் ஒன்றை எழுதவில்லை: முற்பணம் கொடுத்தாயிற்றா? கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டில் இருப்பது தரகரின் கையெழுத்தா, விற்பவரின் கையெழுத்தா என்று பார்த்து உடனே எழுதுங்கள். கொடுக்கவில்லையென்றால், அண்ணனை இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.