வாசகர் கேள்வி – பதில்: தொலைநிலைக் கல்வி யாருக்குப் பொருந்தும்?

தொலைநிலைக் கல்வி குறித்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறேன். பல ஆண்டுகள் வார இறுதி நேர்முக வகுப்புகளில் பாடம் எடுத்தவன் என்பதால், அங்கே கண்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தாள். கல்லூரி 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தனியாக அனுப்ப மனம் வரவில்லை. வீட்டிலிருந்தே அஞ்சல் வழியில் பி.காம். படிக்க வைக்கலாமா?
– ஒரு தந்தை, தருமபுரி மாவட்டம்

பட்டத்தின் மதிப்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அனுமதி பெற்ற நிறுவனம் தொலைநிலையில் வழங்கும் பட்டம், நேரில் பயின்று பெறும் பட்டத்துக்கு இணையானதே. என்னுடைய தயக்கம் உங்கள் மகளின் வயதைப் பற்றியது. பன்னிரண்டு ஆண்டுகளாக மணியடித்தால் வகுப்பு, வாரந்தோறும் தேர்வு, கேட்க ஓர் ஆசிரியர் என்று பழகிய பிள்ளை, திடீரென்று ஒரு கட்டுப் புத்தகத்தோடு வீட்டில் உட்கார வேண்டியிருக்கும். வீட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணை, சும்மா இருப்பவளாகவே நம் குடும்பங்கள் பார்க்கின்றன. தண்ணீர் பிடிக்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தேர்வு நெருங்கும்போது பாதிப் பாடங்கள் பிரிக்கப்படாமலே இருக்கும். முதல் அரியர் விழும். அடுத்த ஆண்டுக் கட்டணத்தைக் கட்டுவதா வேண்டாமா என்ற பேச்சு எழும். பள்ளியிலிருந்து நேரே வந்து சேர்ந்த பெண்கள் இப்படி ஒவ்வொருவராக வகுப்புக்கு வராமல் போனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் மந்தமான பெண் என்று ஒருத்தியைக்கூட என்னால் சொல்ல முடியாது.

பணக் கணக்கையும் பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குவதற்காக 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டம், கல்லூரிக்குச் சென்று படிப்பவர்களுக்கு உரியது. தொலைநிலையில் சேர்ந்தால் அந்த உதவி கிடைக்காது. தினசரிப் பயணம்தான் தடை என்றால், ஆதிதிராவிடர் நலத்துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் நடத்தும் கல்லூரி மாணவியர் விடுதிகளில் விசாரியுங்கள். அதே கல்லூரிக்குப் போகும் உங்கள் ஊர்ப் பெண்கள் எந்தப் பேருந்தில் போகிறார்கள் என்று கேட்டு, முதல் வாரம் நீங்களே உடன் சென்று வாருங்கள்.

இவை எதுவும் இயலாமல் தொலைநிலையில்தான் சேர்க்க வேண்டும் என்றால், நாளுக்கு இரண்டு மணி நேரம் அவளை யாரும் கூப்பிடக் கூடாது என்பதை வீட்டில் சட்டமாக்குங்கள். சேர்த்த மறுமாதமே வரன் பார்க்கத் தொடங்கிவிடாதீர்கள் என்றும் உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு 41 வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பிளஸ் டூ முடித்து 23 ஆண்டுகள் ஆகின்றன. பி.ஏ. வரலாறு படிக்க ஆசை. இனிமேல் படித்தால் மனதில் நிற்குமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

நிற்கும். 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகமும், 1971இல் மதுரைப் பல்கலைக்கழகமும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது, பகலில் வேலையை விட்டு வர முடியாத உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்துத்தான். என் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள், இரவுப் பணி முடித்துப் பேருந்தில் தூங்கியபடி வந்து சேர்ந்தவர்களே. பாடத்தில் ஒரு வரி புரியாவிட்டாலும் விடமாட்டார்கள்; யாரும் அனுப்பி வந்தவர்கள் அல்லவே.

உங்களுக்கு மிகவும் உதவப்போவது தேர்வு முறையிலுள்ள நெகிழ்ச்சி. இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு நடக்கிறது. எத்தனை தாள் எழுதுவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். மூன்றாண்டுப் பட்டப் படிப்பை ஆறு ஆண்டுகளுக்குள் முடித்தால் போதும். ஷிப்மென்ட் நெருங்கி ஓவர்டைம் பார்க்கும் பருவத்தில் ஒரே ஒரு தாள் எழுதுங்கள். வேலை குறைந்த பருவத்தில் நான்கு எழுதுங்கள். ஆனால் அங்கே பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். தமிழ்வழியில் படிக்க விரும்பினால் 2002இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை அணுகுங்கள்.

நினைவைவிட உங்கள் கையைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். 23 ஆண்டுகளாகப் பக்கம் பக்கமாக எழுதாத கை, மூன்று மணி நேரத் தேர்வில் முதல் மணியிலேயே வலிக்கத் தொடங்கும். ஒப்படைவுகளை, அதாவது வீட்டிலிருந்து எழுதி அனுப்ப வேண்டிய அசைன்மென்ட்களை, ஆட்களிடம் கொடுத்து எழுதி வாங்கும் வழக்கம் இருக்கிறது. அதன் பக்கம் போகாதீர்கள். இக்னோவில் வழக்கமாக ஒப்படைவுகளுக்கு 30 விழுக்காடு மதிப்பெண் உண்டு என்பது ஒருபுறம் இருக்க, அவற்றை உங்கள் கையாலேயே எழுதும்போதுதான் பாடமும் தேர்வுப் பழக்கமும் ஒன்றாக வந்து சேரும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஓட்டுநர் வேலை பார்க்கிறேன். பத்தாம் வகுப்பு இல்லாமலே நேரடியாகப் பட்டம் வாங்கி டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம் என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், விழுப்புரம்

அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். இளநிலைப் பட்டம் இல்லாமலே திறந்தநிலையில் பெற்ற முதுநிலைப் பட்டம் தொடர்பான வழக்கில், 2009இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய பட்டத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. தமிழக அரசுப் பணிக்கு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசை வேண்டும். உங்களுக்கு ஏற்ற வழி, தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம். ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. தேர்ச்சி பெற்ற பாடத்தை மறுபடி எழுத வேண்டியதில்லை. வண்டி ஓட்டும் நாட்களுக்கு நடுவே ஒவ்வொரு பாடமாகக் கரையேறிவிடலாம். பட்டத்துக்குச் சில ஆண்டுகள் கூடுதலாகும். ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் உங்களை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

கேள்வி: நர்சிங், பொறியியல் ஆகியவற்றைத் தொலைநிலையில் படிக்க முடியுமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

முடியாது. மருத்துவம், செவிலியம், பொறியியல், சட்டம் முதலிய படிப்புகளைத் தொலைநிலையில் நடத்த மானியக் குழுவின் விதிமுறைகள் தடை விதிக்கின்றன. ஊசி போடும் கையை அஞ்சலில் பழக்க இயலாது அல்லவா?

கேள்வி: நான் பார்வையற்றவன். கல்லூரியில் பி.ஏ. முடித்தேன். எம்.ஏ.வைத் தொலைநிலையில் படிப்பது எனக்கு எளிதாக இருக்குமா?
– ஒரு வாசகர், திருச்சி

போக்குவரத்துச் சிரமம் குறையும். தேர்வில் சொல்வதை எழுதுபவரையும், மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரத்தையும் கேட்டுப் பெறலாம். ஆனால் கல்லூரியில் உங்களுக்குப் பாடத்தை வாசித்துக் காட்டிய நண்பர்கள் உடன் இருக்க மாட்டார்கள். அந்த இடத்தைக் கணினிதான் நிரப்ப வேண்டும். இக்னோவின் பாடங்கள் இஞான்கோஷ் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆங்கிலப் பாடங்களை, திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் பெரும்பாலும் நன்றாகவே வாசிக்கும். தமிழில்தான் இடர். பழைய எழுத்துருவில் அச்சுக் கோத்த கோப்பு என்றால் பொருளற்ற ஒலிகள் வரும். பக்கங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தால் எதுவுமே ஒலிக்காது. ஆகவே கட்டணம் செலுத்தும் முன் ஏதேனும் ஒரு தாளின் பாடக் கோப்பைக் கேட்டு வாங்கி, என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானைக் கொண்டு பத்துப் பக்கங்களைக் கேட்டுப் பாருங்கள். சரியாக ஒலிக்கவில்லை என்றால், ஒருங்குறியில் (யூனிகோட்) அமைந்த பிரதியைத் தர இயலுமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அதற்கு எழுத்துப்பூர்வமான பதில் கைக்கு வந்தபின் சேர்க்கையை முடிவு செய்யுங்கள்.