சொட்டுநீர்ப் பாசன மானியம் உண்மையில் யாருக்குக் கிடைக்கிறது?

நூறு சதவீத மானியம் என்கிறார்களே, அது சிறு விவசாயிக்குக் கிடைக்கிறதா, வசதி உள்ளவர்களே வாங்கிக்கொள்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ விண்ணப்பிக்க அலைகிறார்கள் என்று எண்ணியே எழுதுகிறேன். யார் பெயரில் தனிப் பட்டா இருக்கிறதோ அவருக்குக் கிடைக்கிறது என்பதே நான் கண்டது.

ஒன்றிய அரசின் நுண்ணீர்ப் பாசனத் திட்டம் சிறு, குறு விவசாயிகளுக்கு 55 சதவீதமும் மற்றவர்களுக்கு 45 சதவீதமும் தருகிறது. தமிழ்நாடு அரசு தன் பங்கைச் சேர்த்து, ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு 100 சதவீதமாகவும் மற்றவர்களுக்கு 75 சதவீதமாகவும் உயர்த்தித் தருகிறது. நல்ல திட்டம்தான், அதில் பயன் பெற்றவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

பாலக்கோடு பக்கம் எங்களுக்குத் தக்காளிதான் பிழைப்பு. தாத்தா காலத்து நிலம் அப்பா பெயரிலும் இரண்டு சித்தப்பாக்கள் பெயரிலும் கூட்டுப் பட்டாவாகக் கிடந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் சின்னச் சித்தப்பாவுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடத் தயக்கம். பிற்காலத்தில் பாகம் கேட்கும்போது சிக்கல் வந்துவிடும் என்று அஞ்சினார். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, நில அளவர் வந்து கல் ஊன்றி, உட்பிரிவு ஆகித் தனிப் பட்டா கைக்கு வந்த பிறகுதான் வட்டாட்சியரிடம் சிறு விவசாயி சான்றே வாங்க முடிந்தது. அதன் பிறகு தோட்டக்கலைத் துறையில் எந்தத் தடங்கலும் இல்லை. வாய்க்கால் பாசனத்தில் மேட்டுப் பக்கச் செடி வாடும்போதே பள்ளத்துச் செடி வேரழுகி நின்ற அதே காட்டில், குழாய் போட்ட பிறகு கடைசி வரிசை வரை காய் ஒரே சீராகப் பிடித்தது.

ஆனால் அந்தக் காட்டை ஒட்டி நாங்கள் குத்தகைக்கு உழும் ஒன்றரை ஏக்கரில் இன்றும் வாய்க்கால் பாசனம்தான். பதிவு செய்த குத்தகை ஒப்பந்தம் இருந்தால் குத்தகைதாரரும் விண்ணப்பிக்கலாம் என்று விதி இடம் தருகிறது. எங்கள் ஊரில் வாய்ப்பேச்சுக்கு மேல் குத்தகை ஏது? எழுதிக் கொடுத்தால் 1955ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நிலத்தைத் திரும்பப் பெற முடியாமல் போய்விடும் என்று நில உரிமையாளர்கள் பயப்படுகிறார்கள். அவர்களை நான் பழிக்கவில்லை. அந்தப் பயம் தலைமுறையாக இருந்து வருவது. ஆயினும் அதே கிணற்று நீரை அதே கைகள் பாய்ச்சும்போது, வரப்புக்கு இந்தப் பக்கம் மானியம் உண்டு, அந்தப் பக்கம் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் இருபது ஏக்கர் மாந்தோப்பு உள்ள ஒரு குடும்பத்தில் தாய், மனைவி, மகன்கள் என்று பட்டா பிரிந்திருக்கிறது. ஒவ்வொருவரும் சான்றின்படி சிறு விவசாயி, ஒவ்வொருவருக்கும் முழு மானியம். இது பொறாமைப் பேச்சு என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் சட்டத்தை மீறவில்லை, நீரும் மிச்சமாகிறது. ஐந்து ஏக்கர் வரம்பைத் தனி நபருக்கு வைத்துவிட்டுக் குடும்பத்தைக் கணக்கில் எடுக்காத விதியைத்தான் நான் குறை சொல்கிறேன். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கைப்பற்றுகள், அதாவது ஒருவர் கைவசம் உள்ள சாகுபடி நிலங்கள், சிறு, குறு விவசாயிகளுடையவை. மானியம் என்று வரும்போது சிறு விவசாயி என்ற பெயரில் இந்த மாந்தோப்பும் சேர்ந்துவிடுகிறது. வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழும் எங்களைப் போன்றவர்கள் விடுபட்டுப்போகிறோம்.

எனவே உங்கள் பட்டா கூட்டாக இருந்தால், தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே உட்பிரிவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். எங்களுக்குக் காலதாமதம் முழுவதும் அங்கேதான் ஆயிற்று.