பேஸுக்கு ஃபஸ்ஸும் ஓவர்டிரைவும்: எதை வாங்குவது, எதை விற்பது (கேள்வி பதில்)

பேஸ் கிட்டாருக்கான பெடல்கள் (சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டிகள்) பற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்து வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். என் சாய்வை முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: ஒரு பெடல் எவ்வளவு உறுமுகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள், உறுமும்போது லோ எண்ட், அதாவது தாழ்ந்த அடிச்சத்தம், எங்கே போனது என்று நான் கேட்பேன். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் ஓடும்.

அண்ணா, ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் மூன்றும் பேஸில் எப்படி வேறுபடும்? முதல் பெடலாக எதை வாங்கலாம்?

ஓவர்டிரைவ் உங்கள் விரலைக் கவனிக்கும். மெதுவாக வாசித்தால் ஏறக்குறைய சுத்தமாக இருக்கும், அழுத்தினால் கரகரக்கும். ஃபஸ் அப்படியில்லை, அலையின் மேலும் கீழும் வெட்டிச் சதுரமாக்கிவிடுகிறது, அதனால் மெதுவோ அழுத்தமோ ஏறக்குறைய ஒரே சத்தம், ஸ்வரம் நீண்டு நிற்கும். டிஸ்டார்ஷன் இரண்டுக்கும் நடுவில். முதல் பெடல் என்றால் பிளெண்ட் நாப் (சுத்தமான சத்தத்தையும் பெடல் சத்தத்தையும் கலக்கும் திருகு) உள்ள ஓவர்டிரைவ். அதைப் பாட்டு முழுக்க ஆன் செய்தே வைத்திருக்கலாம், ஃபஸ்ஸை அப்படி வைத்தால் டிரம்மர் ரெண்டாவது பாட்டிலேயே திரும்பிப் பார்ப்பார்.

பிக் மஃப் ஃபஸ் வாங்கினேன். தனியாக வாசிக்கும்போது மலை மாதிரி இருக்கிறது, பேண்டோடு சேர்ந்தால் நான் மேடையில் இருக்கிறேனா என்றே தெரியவில்லை. விற்றுவிடலாமா?

விற்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். பழுது எதுவும் இல்லை, பிக் மஃப்பின் டோன் சர்க்யூட் செய்கிற வேலை அது. டோன் நாப் நடுவில் இருக்கும்போது ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். தனியாகக் கேட்டால் அந்தப் பள்ளம்தான் சத்தத்தைப் பெரிதாகக் காட்டுகிறது. பேண்டில் கதை வேறு. உங்கள் தாழ்ந்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ், அதைப் பல ஸ்பீக்கர்கள் முழுசாகத் தருவதே இல்லை, காது ஸ்வரத்தை அடையாளம் காண்பது அதன் மடங்குகளாக மேலே ஒலிக்கும் ஹார்மானிக்ஸை வைத்துத்தான். அதில் நடுப்பகுதியைப் பெடல் குடைந்து எடுத்துவிட்டது, மிச்சம் இருக்கிற உயர்பகுதியில் கிட்டாரும் சிம்பலும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. பிறகு நீங்கள் எங்கே கேட்பீர்கள்?

முதலில் சஸ்டெய்னை (மஃப்பில் ஃபஸ் அளவு நாப் அதுதான்) பாதிக்கும் கீழே இறக்குங்கள், ஏனென்றால் ஃபஸ் கூடக்கூட விரல் கம்பியில் படும் அந்த முதல் தட்டு காணாமல் போகும், பேஸுக்குத் தாளம் அதில்தான் இருக்கிறது. வால்யூமைக் கூட்டுங்கள். ஆம்பில் மிட், அதாவது நடுப்பகுதி, குறைத்து வைத்திருந்தால் நேராக்குங்கள், பள்ளத்தின் மேல் இன்னொரு பள்ளம் வேண்டாம். அப்புறம் சுத்தமான சிக்னலை இணையாகக் கலக்கும் வழி ஒன்று தேடுங்கள். பாஸ் நிறுவனத்தின் எல்எஸ்-2 மாதிரி லைன் செலக்டரில் இரண்டு பாதைகளைக் கலக்கும் வசதி இருக்கிறது, பிளெண்டருக்கென்றே செய்த சின்னப் பெட்டிகளும் கிடைக்கின்றன. ஒரு பாதையில் மஃப், இன்னொன்றில் எதுவும் இல்லை, அவ்வளவுதான். புதிதாக வாங்குபவர் என்றால் டிரை சுவிட்ச் உள்ள பேஸ் பிக் மஃப் எடுத்துக்கொள்ளலாம், அல்லது பிளெண்டும் கிராஸோவரும் (தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைப் பிரிப்பது) சேர்ந்த டீலக்ஸ் வகை.

கிட்டாருக்கு வாங்கிய டியூப் ஸ்கிரீமர் ஓவர்டிரைவ் சும்மா கிடக்கிறது. பேஸுக்குப் போட்டால் ஏதாவது கெட்டுப்போகுமா சார்?

எதுவும் கெடாது, தைரியமாகப் போடுங்கள். ஆனால் அதன் கெயின் பகுதி சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போகக் குறைவாகப் பெருக்கும்படி அமைந்தது. கிட்டாரின் அடிப்பகுதி கொழகொழக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது, பேஸில் அதே ஏற்பாடு ஒல்லியாகக் கேட்கும். சுத்தமான சிக்னலோடு கலந்தால் அதுவே நல்லதாகிவிடுகிறது: அடி உங்கள் பேஸிலிருந்து, நடுக் கரகரப்பு பெடலிலிருந்து. டிஎஸ்9பி என்ற பேஸ் வகையில் மிக்ஸ் நாப் இருப்பதும் இதற்காகத்தான்.

பெட்டியில் ‘பேஸ்’ என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ரேட் டிஸ்டார்ஷன் பெடல் கிட்டாருக்கு வந்தது, எத்தனையோ பேஸ்காரர்கள் கழற்றவே மாட்டார்கள். அதன் ஃபில்டர் நாப் தலைகீழ், வலப்பக்கம் திருகினால் இருளும். கடையில் சோதிக்கும்போது இது தெரியாமல் “மந்தமாக இருக்கிறது” என்று திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிளெண்ட் நாப்பை நடுவில் வைத்தால் சத்தம் கூடாமல் மெலிந்து போகிறது. பெடல் பழுதா?

பெரும்பாலும் போலாரிட்டி பிரச்சினை. அழுக்குப் பாதை (பெடலின் கரகரப்பு வரும் வழி) அலையைத் தலைகீழாகப் புரட்டி அனுப்பினால், சுத்தமான பாதையோடு சேரும்போது ஒன்றை ஒன்று தின்னும், தாழ்ந்த அதிர்வுகள்தான் முதலில் போகும். சோதிப்பது சுலபம். ஃபஸ் அளவைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள், சுத்தமும் அழுக்கும் ஒரே சத்த அளவில் இருக்கும்படி திருப்புங்கள், திறந்த ஈ கம்பியைத் தட்டி, பிளெண்ட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நகர்த்துங்கள். நடுவில் ஓர் இடத்தில் அடி பொத்தென்று விழுந்தால் அதுதான். தனி பிளெண்டர் என்றால் பலவற்றில் போலாரிட்டி மாற்றும் சுவிட்ச் உண்டு, தட்டிவிட்டால் வயிறு திரும்பி வரும். பெடலுக்குள்ளேயே இருக்கும் பிளெண்ட் இப்படிச் செய்தால் திருப்பிக் கொடுங்கள். பழைய பெடல் வாங்கும்போது இந்த அரை நிமிடச் சோதனையை யாருமே செய்வதில்லை, ஏன் என்று புரியவில்லை.

பாஸ் ஓடிபி-3, சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர், டார்க்கிளாஸ் பி3கே. மூன்றில் ஒன்று சொல்லுங்கள் ப்ரோ.

மூன்றும் மூன்று வேலை. சான்ஸ்ஆம்ப் 1994-லிருந்து இருக்கிறது, அது பெடல் என்பதைவிட ஆம்பை ஒரு பெட்டிக்குள் அடைத்தது. டி.ஐ. வெளியீடு (மிக்ஸருக்கு நேரடி இணைப்பு) இருப்பதால் ஆம்ப் இல்லாத மேடையில் நேரே மிக்ஸருக்குப் போகலாம். முதல் வடிவத்தில் மிட் நாப் கிடையாது, நடுப்பகுதி உள்வாங்கிய ஒரு சத்தம் அதற்கு உண்டு, சிலருக்கு உயிர், எனக்கு அவ்வளவாக இல்லை. இரண்டாம் வடிவத்தில் மிட் வந்துவிட்டது, பழையது வாங்கும்போது எது என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

பி3கே ஃபின்லாந்திலிருந்து வந்தது, இறுக்கமான நவீன மெட்டல் சத்தம். கிரண்ட் சுவிட்ச் அடிப்பகுதி எவ்வளவு கரகரக்க வேண்டும் என்று தீர்மானிக்கும், அட்டாக் சுவிட்ச் மேல்பகுதியை. விரலுக்குப் பதில் பிக் (கம்பி மீட்டும் வில்லை) வைத்து வேகமாக வாசிக்கிறவருக்கு இதுதான். மென்மையான பாட்டில் கொஞ்சம் கண்ணாடி உரசுகிற மாதிரி இருக்கும்.

ஓடிபி-3-க்குக் கெட்ட பெயர் அதிகம், பாதி அநியாயம். கெயினையும் உயர்பகுதியையும் முழுக்கத் திருகிவிட்டுத் திட்டுகிறார்கள். கெயின் கால்வாசி, உயர்பகுதி குறைவு, பேலன்ஸ் பாதிக்குக் கீழே என்று வைத்தால் மரியாதையாகவே நடந்துகொள்ளும். அதன் மேல் இருக்கும் வெறுப்பால் பழையது மலிவாகக் கிடைக்கும், வாங்குகிறவருக்கு அது லாபம். மறுபடி விற்கும்போது அதே வெறுப்பு உங்களைப் பிடிக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஃபஸ்ஸை கம்ப்ரஸருக்கு முன்னா பின்னா?

முன். கம்ப்ரஸர் மெதுவையும் அழுத்தத்தையும் ஒரே அளவுக்கு நெருக்கும், ஃபஸ்ஸே ஒரு கம்ப்ரஸர்தான், அதற்கு நசுக்கிய சிக்னலைக் கொடுத்தால் விரலின் வித்தியாசம் மொத்தமாகப் போய்விடும்.

ஜெர்மானியம் ஃபஸ் ஃபேஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. என்னுடையது ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ளது). ஒத்துவருமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். 1966-இல் வந்த அந்த சர்க்யூட்டின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகக் குறைவு. பேட்டரி இல்லாத பேசிவ் பிக்கப் நேரடியாக அதோடு பேசும்போதுதான் அந்தப் பெயர்பெற்ற குணம் வரும், கிட்டார் வால்யூமைக் குறைத்தால் ஃபஸ் சுத்தமாவது அதனால்தான். ஆக்டிவ் பேஸிலோ, முன்னால் பஃபர் (பிக்கப்பையும் பெடலையும் பிரித்து நிற்கும் சர்க்யூட்) உள்ள டியூனரோ வயர்லெஸ்ஸோ இருந்தாலோ, அந்தப் பேச்சு அறுந்துவிடும், கூர்மையான இரைச்சல் மிஞ்சும். பேஸில் பேசிவ் சுவிட்ச் இருந்தால் அதில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வெப்பத்துக்கும் மாறும், விளக்கு வெளிச்சத்தில் மேடை சூடானதும் சத்தம் வேறாகிவிடும். இன்னொன்று: பழைய பிஎன்பி டிரான்சிஸ்டர் வகை பாசிட்டிவ் கிரவுண்டாக, அதாவது மற்ற பெடல்களுக்கு நேர்மாறான மின் இணைப்போடு, இருக்கும். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டர் சங்கிலியில் மாட்டாதீர்கள், ஷார்ட் ஆகும். தனி பேட்டரி, அல்லது தனித்துப் பிரிக்கப்பட்ட சப்ளை.

பழைய பெடல் நேரில் பார்த்து வாங்கப் போகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?

உங்கள் சொந்த பேஸும் சொந்தக் கேபிளும் எடுத்துப் போங்கள், விற்கிறவர் கிட்டாரில் வாசித்துக் காட்டினால் பெடல் ஆன் ஆகிறது என்பது மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு நாப்பையும் சிக்னல் இல்லாமல் மெதுவாகத் திருகுங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே தூசி, கிளீனர் அடித்தால் சரியாகலாம். ஓர் இடத்தில் சத்தமே அறுந்தால் நாப்புக்கு அடியில் உள்ள பாட் தேய்ந்துவிட்டது, விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கேபிள் பிளக்கை ஜாக்கில் லேசாக அசையுங்கள். கால் சுவிட்சை விடாமல் பலமுறை மிதியுங்கள், எப்போதாவது ஒரு தடவை ஆன் ஆகாமல் போனால் மேடையில் அந்த ஒரு தடவைதான் வரும்.

பின்மூடியைத் திறக்க அனுமதி கேளுங்கள், கேட்டதும் முகம் மாறினால் அதுவும் ஒரு தகவல். பேட்டரி இணைப்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, சால்டர் புள்ளிகளில் சில மட்டும் புதிதாகப் பளபளக்கின்றனவா என்று பாருங்கள். பளபளப்பு இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். நல்ல கையாகவும் இருக்கலாம், ஆனால் கேட்க வேண்டும்.

மின்சாரத்தை மறந்துவிடாதீர்கள். இன்று பெரும்பாலானவை 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். பழைய சில பிக் மஃப்களில் அடாப்டர் துளையே 3.5 மில்லிமீட்டர் ஹெட்ஃபோன் பிளக் மாதிரி இருக்கும். துளை பொருந்துகிறது என்பதற்காகக் கிடைத்த அடாப்டரைச் சொருகாதீர்கள்.

பச்சை நிற சோவ்டெக் மஃப், 90-களில் ரஷ்யாவில் செய்தது, பெரிய விலை கேட்கிறார்கள். தகுமா?

சேகரிக்கிறவர் என்றால் தகும், வாசிக்கிறவர் என்றால் எனக்குத் தோன்றவில்லை. அதில் லோ எண்ட் மற்ற மஃப்களைவிட நன்றாக நிற்கும், பேஸ்காரர்கள் அதைத் தேடியதற்குக் காரணம் அதுதான். ஆனால் உதிரிபாகங்களின் அளவு ஒன்றுக்கொன்று மாறும், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பச்சையை வைத்தாலே ஒரே மாதிரி இருக்காது. எலெக்ட்ரோ ஹார்மானிக்ஸ் அதே சர்க்யூட்டைச் சின்ன உருவில் மறுபடி வெளியிட்டிருக்கிறது, பெடல்களை ஒட்டி வைக்கும் போர்டிலும் இடம் மிச்சம். பழையதுதான் வேண்டும் என்றால் வெல்க்ரோ ஒட்டாமல் வையுங்கள்.

மலிவு பெரிங்கர் பெடல்கள் வாங்கினால் சிரிப்பார்களா?

சிரிக்கட்டும். பிஓடி400 என்பது ஓடிபி-3-இன் வழி, பிடிஐ21 சான்ஸ்ஆம்பின் வழி, எஸ்எஃப்300 பாஸின் எஃப்இசட்-2 ஹைப்பர் ஃபஸ்ஸின் வழி. எஸ்எஃப்300-ஐ பேஸுக்கு நான் தயங்காமல் சொல்வேன், காட்டுத்தனமான ஃபஸ், அடி போகாது. உடல் பிளாஸ்டிக், பூட்ஸ் காலால் மிதிக்காதீர்கள். பிறகு விற்றால் கைக்கு ஒன்றும் வராது, விற்கிற எண்ணமே இல்லாமல் வாங்குங்கள்.

ஃபஸ் போட்டால் கேபினட்டில் கொசு மாதிரி ஒரு இரைச்சல்.

கேபினட்டில் உயர்பகுதிக்கென்று இருக்கும் ட்வீட்டரை அணையுங்கள். நேரே மிக்ஸருக்குப் போகிறீர்கள் என்றால் கேப் சிமுலேஷன் (கேபினட் சத்தத்தைப் போலி செய்வது) போடுங்கள், அல்லது 4,000, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டச் சொல்லுங்கள்.

ஃபஸ் என்பதே கிட்டாருக்கான விஷயம், பேஸில் எதற்கு என்று எங்கள் கிட்டாரிஸ்ட் சொல்கிறார்.

1961-இல் வெளிவந்த ஒரு பாட்டை நாஷ்வில்லில் பதிவு செய்தபோது மிக்ஸர் சேனல் பழுதாகி வந்த சத்தம்தான் ஃபஸ் பெட்டிகளுக்கு வழிவிட்டது என்று அவரிடம் சொல்லுங்கள். அன்று வாசித்த ஸ்டுடியோ கிட்டாரிஸ்ட் கிரேடி மார்ட்டின் கையில் இருந்தது ஆறு கம்பி பேஸ். மறு ஆண்டே மேஸ்ட்ரோ எஃப்இசட்-1 விற்பனைக்கு வந்தது, அதையும் ஊதுகருவிச் சத்தம் தரும் பெட்டி என்றுதான் விளம்பரம் செய்தார்கள்.

விற்க வைத்திருக்கிறேன், விசாரிக்கிறார்கள், யாரும் வாங்கவில்லை. என்ன குறை?

விலையை எதை வைத்துப் போட்டீர்கள்? மற்றவர்கள் கேட்கிற விலையை வைத்து என்றால் அங்கேதான் குறை. கேட்கிற விலை ஆசை, விற்றுமுடிந்த விலைதான் சந்தை, அதைத் தேடிப் பாருங்கள். படம் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், அடிப்பக்கமும் சீரியல் எண்ணும் தெரிய வேண்டும். வெல்க்ரோ பசை, உரசல், மாற்றிய சுவிட்ச் எல்லாவற்றையும் நீங்களே முதலில் எழுதிவிடுங்கள், வாங்குகிறவர் கண்டுபிடித்தால் அதே குறை இரண்டு மடங்காகத் தெரியும். சர்க்யூட்டில் மாற்றம் செய்திருந்தால் செலவழித்ததைக் கூட்டிக் கேட்காதீர்கள், பெரும்பாலும் அது விலையைக் குறைக்கத்தான் செய்யும், கழற்றிய பாகம் இருந்தால் கூடவே கொடுங்கள். அப்புறம், பேஸில் வாசித்த ஒரு சின்ன ஒலிப்பதிவு: சுத்தமாகக் கொஞ்சம், பெடலோடு கொஞ்சம், கூடவே டிரம்ஸ் ஓடட்டும்.

இரண்டு ஓவர்டிரைவ் இருக்கிறது, ஒன்றை விற்க வேண்டும். எதை என்று தெரியவில்லை.

அடுத்த ஒத்திகையில் இரண்டையும் பைபாஸோடு (பெடல் அணைந்திருக்கும்போது வரும் சத்தத்தோடு) ஒரே சத்த அளவுக்குச் சரிசெய்துவிட்டு மாற்றி மாற்றிப் போடுங்கள், சத்தம் கூடுதலாக இருப்பதுதான் எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும், அதனால் அளவு முக்கியம். யாரிடமும் எது எது என்று சொல்லாமல், எப்போது பேஸ் தெளிவாகக் கேட்டது என்று டிரம்மரைக் கேளுங்கள், கிட்டாரிஸ்ட்டைக் கேட்காதீர்கள். அவர் சொல்லாத பெடலுக்கு மறுநாள் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள்.