குடைக் கம்பி காட்டிக்கொடுத்துவிடும்

கேள்வி: நான் தனியாக வேலை எடுத்துச் செய்யும் கிராஃபிக் டிசைனர். ஒரு கிளையண்ட், இணையத்தில் கண்ட ஓர் ஓவியத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இதே மாதிரி வேண்டும், ஆனால் காப்பி என்று தெரியக்கூடாது” என்றார். குடை பிடித்து நிற்கும் ஒரு சிறுமியின் படம். அதை ட்ரேஸ் செய்து (அதன் மேலேயே கோடு போட்டு வரைந்து), நிறம் மாற்றி, சிறுமியை இடவலமாகத் திருப்பிப் போஸ்டராக்கிக் கொடுத்தேன். 30 சதவீதம் மாற்றினால் போதும் என்று கேள்விப்பட்டிருந்தேன். இப்போது அந்த ஓவியர் கிளையண்டுக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டார். “முழுக்கச் சொந்தப் படைப்பு, வழக்கு வந்தால் டிசைனரே பொறுப்பு” என்ற ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பழைய ஃபைல்களை அழித்துவிட்டு, ஒரு பென்சில் ஸ்கெட்ச் போட்டு முன்தேதி எழுதி வைத்துக்கொள் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செய்யாதீர்கள். டிசைன் ஃபைலில் ஒரு லேயரைக்கூட (அடுக்கைக்கூட) அழிக்க வேண்டாம்.

2008இல் ஒபாமாவின் ‘ஹோப்’ தேர்தல் போஸ்டரை வரைந்தவர் அமெரிக்க ஓவியர் ஷெப்பர்ட் ஃபேரி. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்துக்காக எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது. நியாயமான பயன்பாடு, அதாவது அனுமதியில்லாமலே பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்கு, என்று வாதாட அவருக்கு இடம் இருந்தது. ஆனால் எந்தப் படத்தைப் பயன்படுத்தினார் என்பதில் பொய் சொல்லி, ஃபைல்களை அழித்து, போலி ஆவணமும் தயாரித்தார். பதிப்புரிமை வழக்கு 2011இல் சமரசத்தில் முடிந்தது. ஆவணங்களில் கைவைத்ததற்குத்தான் 2012இல் குற்றவியல் நீதிமன்றத்தில் நின்று, 25,000 டாலர் அபராதமும் இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் பெற்றார். உங்கள் நண்பர் சொல்லும் யோசனை இதேதான்.

சரி, அந்த 30 சதவீதம். நான் படித்த எந்தச் சட்டத்திலும் அப்படி ஓர் எண் கிடையாது. எவ்வளவு மாற்றினீர்கள் என்று நீதிமன்றம் அளந்து பார்ப்பதில்லை, எதை எடுத்தீர்கள் என்றுதான் பார்க்கும். நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். அசலில் குடையின் கம்பி ஒன்று லேசாக வளைந்திருக்கிறது. உங்கள் போஸ்டரிலும், திருப்பிப் போட்ட பிறகும், அதே கம்பி அதே வளைவில் நிற்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இது ஒன்றே போதும்.

குடை பிடித்த சிறுமி என்ற கருத்து யாருக்கும் சொந்தமில்லை, உண்மைதான். அதை அவர் வரைந்திருக்கும் விதம் அவருடையது. ஆனால் ட்ரேஸ் செய்யாமல் நீங்களே வரைந்திருந்தால் தப்பியிருப்பீர்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2012இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. கருப்பு வெள்ளைப் பின்னணியில் பாலத்தைக் கடக்கும் சிவப்புப் பேருந்து, அவ்வளவுதான் படம். எதிராளி வேறு புகைப்படங்களைக் கொண்டுதான் தன் படத்தை உருவாக்கினார். இருந்தும், முந்தைய படத்தின் அமைப்பைத் தெரிந்தே பின்பற்றியதால் பதிப்புரிமை மீறல் என்று தீர்ப்பு வந்தது. டிசைனர்கள் பலருக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. எனக்கும் அது சற்று அதிகம் என்றுதான் படுகிறது. ஆனால் “இதே மாதிரி” என்ற வார்த்தை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 180க்கும் மேற்பட்ட நாடுகள் இருப்பதால் அடிப்படை மாறாது: வரைந்த அன்றே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவோ பதிப்புரிமைக் குறியோ தேவையில்லை. படத்தின் கீழ் அவர் பெயரைப் போட்டுவிடலாமா என்று இப்போது யோசிப்பீர்கள். பெயர் போடுவது வேறு, அனுமதி வாங்குவது வேறு. இரண்டுமே வேண்டும்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். அந்தக் கையெழுத்து உங்களுக்கும் கிளையண்டுக்கும் இடையே மட்டும்தான். ஓவியர் இருவர் மீதும் வழக்குப் போடலாம். கிளையண்ட் அந்தப் பிரிவைக் காட்டி நஷ்டத்தை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார். ஆனால் “காப்பி என்று தெரியக்கூடாது” என்று எழுதியவர், சொந்தப் படைப்பு என்று நம்பி ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வார்? அந்தச் செய்தி உங்களை முழுக்கக் காப்பாற்றாது. நீங்களும் தெரிந்தேதான் செய்தீர்கள் என்று அதே செய்தி சொல்லும். ஆனாலும் சுமையைப் பங்கிட அது உதவும். முடியாது என்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய இடமும் அதுதான். அதை இப்போது பேசிப் பயனில்லை.

இன்றே கிளையண்டுக்கு எழுத்தில் சொல்லுங்கள்: போஸ்டரை நிறுத்துங்கள், மேற்கொண்டு அச்சடிக்காதீர்கள். நோட்டீஸுக்குத் தனியாகப் பதில் போடாமல், உள்ளூர் வழக்கறிஞர் மூலம் ஓவியரிடம் பேசுங்கள். பயன்படுத்திய அளவுக்கு உரிமத்தொகை தருகிறோம், பெயர் போடுகிறோம் என்று நேராகக் கேட்டால் இறங்கி வரும் ஓவியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மழுப்பினால்தான் கோபப்படுவார்கள்.

அப்புறம், அந்தப் போஸ்டர் உங்கள் போர்ட்ஃபோலியோவில் இன்னும் இருக்கிறது, முதல் படமாக. எடுத்துவிடுங்கள். எடுக்கும் முன் தேதி தெரியும்படி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்த வாட்ஸ்அப் உரையாடலில் செய்திகள் தானாக மறையும் வசதி போட்டிருந்தால், முதலில் அதை அணைத்துவிட்டு பேக்கப் எடுங்கள்.