பாழடைந்த கோயிலுக்கு ஏது பர்மிஷன்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். ஜனவரியில் என் நாத்தனார் குடும்பம் பாரிஸிலிருந்து வருகிறது. நாத்தனாரும் அவர் கணவரும் புதுச்சேரியில் பிறந்தவர்கள், இப்போது பிரெஞ்சுக் குடியுரிமை. ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் 15 வயதுக்குக் கீழ். கூட்டமான கோயில் வேண்டாம், கிராமத்துப் பக்கம் இடிந்து கிடக்கும் பழைய கோயில்களாகப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். மண்டகப்பட்டு, பனமலை, கங்கைகொண்ட சோழபுரம் என்று ஒரு டிராவல்ஸ்காரர் மூன்று நாள், இரண்டு இரவு பேக்கேஜ் போட்டுத் தந்திருக்கிறார். இந்த இடங்களுக்குத் தொல்லியல் துறையின் ஸ்பெஷல் பர்மிஷன் வேண்டுமாம், வெளிநாட்டவர் என்றால் கெடுபிடி அதிகமாம், அதற்கு மட்டும் நாளுக்கு 6,000 ரூபாய் கேட்கிறார். இது உண்மையா? முழங்கால் வலி உள்ள என் மாமியாரும் கூட வர ஆசைப்படுகிறார்.

பதில்: பர்மிஷன் வேண்டாம். 6,000 ரூபாயும் வேண்டாம். இரண்டு இரவு ஓட்டலும் வேண்டாம். நீங்கள் சொல்லும் எல்லா இடத்துக்கும் மஞ்சக்குப்பத்திலிருந்து காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு வந்து சேரலாம்.

கல்வெட்டுப் படியெடுக்கும் வேலையில் கிராமம் கிராமமாக அலைந்தவன் நான். அந்தக் காலத்திலும் இந்தப் ‘ஸ்பெஷல் பர்மிஷன்’ வியாபாரம் உண்டு. இப்போது அதற்கு லெட்டர்பேடும் ரசீதும் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம், 18ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் போவது பொதுமக்களின் உரிமை என்கிறது. சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை திறந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. சினிமா எடுக்க, ட்ரோன் பறக்கவிட, ஸ்டாண்டு வைத்துப் படம் பிடிக்கத்தான் அனுமதி தேவை. குடும்பத்தோடு போய்ச் செல்போனில் படம் எடுப்பவரை யாரும் கேட்க முடியாது. அடுத்த முறை அந்த டிராவல்ஸ்காரரிடம், “எந்த அலுவலகம், எந்த விதி, எழுத்தில் கொடுங்கள்” என்று மட்டும் கேளுங்கள். பேச்சு மாறிவிடும்.

சரி, அப்படியானால் போனவர்கள் ஏன் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள்? சாவி. உங்கள் பயணத்தில் நிஜமான சிக்கல் அது ஒன்றுதான். பழைய கோயில்கள் மூன்று கையில் இருக்கின்றன: மத்தியத் தொல்லியல் துறை, மாநிலத் தொல்லியல் துறை, அறநிலையத் துறை. புதுச்சேரி எல்லைக்குள் போனால் அவர்களுக்குத் தனியாக ஓர் இந்து சமய நிறுவனங்கள் துறை. ஒரே கோயிலில் கட்டடம் ஒருவர் பொறுப்பு, பூஜை இன்னொருவர் பொறுப்பு என்பதும் உண்டு. தொல்லியல் துறையின் நீலப் பலகையில், சேதப்படுத்தினால் இரண்டாண்டு சிறை, ஒரு லட்சம் அபராதம் என்று பெரிய எழுத்தில் மிரட்டத் தெரிகிறது. அதே பலகையின் கீழே காவலாளியின் போன் நம்பரை எழுத மட்டும் பெயின்ட் தீர்ந்துவிடுகிறது போல! கடிதம், முத்திரை எல்லாம் கையில் இருந்தும், சாவி வைத்திருந்தவர் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் வாசலில் பொழுதைப் போக்கிவிட்டு நாங்களே திரும்பியிருக்கிறோம். கடிதம் பூட்டைத் திறக்காது.

அதனால் கிராமத்துக்குள் நுழைந்ததும் கோயிலுக்குப் போகாதீர்கள். முதலில் டீக்கடைக்குப் போங்கள். ஆளுக்கொரு டீ சொல்லிவிட்டு, “கோயில் சாவி யாருகிட்ட இருக்கு?” என்று கேளுங்கள். குருக்கள் வீடோ, காவலாளி வீடோ, ஒரு பையனே சைக்கிளில் முன்னால் போய்க் காட்டுவான். காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் என்றால் ஆள் கிடைப்பார். 12 மணிக்கு மேல் சாப்பாடு, தூக்கம், வயல் வேலை என்று போய்விடுவார். திறந்துவிடுபவருக்கு நூறு ரூபாய் கொடுங்கள், அதில் தவறில்லை. அர்ச்சகர் என்றால் தட்டில் போடுங்கள். இதைத்தான் டிராவல்ஸ்காரர் 6,000 ரூபாய்க்கு விற்கிறார்.

முதல் நாளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்: பாகூர், திருபுவனை, மதகடிப்பட்டு. பாகூர் மூலநாதர் கோயில் பக்கம் திரும்பாமலே நேராகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள்தான் நம்மில் அதிகம். அங்கே கிடைத்த செப்பேட்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் ஒரு கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்கள் கொடுக்கப்பட்ட செய்தி இருக்கிறது. மறுநாள் நீங்கள் போகப்போகும் பக்கத்தில் எண்ணாயிரம் என்று ஓர் ஊர், அங்குள்ள முதலாம் ராஜேந்திரன் கல்வெட்டு, 340 மாணவர்களுக்குத் தினப்படி எத்தனை நெல் என்று கணக்குப் போட்டு எழுதி வைத்திருக்கிறது. திருபுவனைப் பெருமாள் கோயில் கல்வெட்டிலும் இதேபோல ஒரு கல்லூரி வருகிறது. பாரிஸில் படிக்கும் பிள்ளைகளுக்கு, இந்தச் சவுக்குத் தோப்புக்கும் கரும்பு வயலுக்கும் நடுவில் ஆயிரம் வருஷம் முன்னால் ஹாஸ்டல் இருந்தது என்று சொல்லிப் பாருங்கள், காதிலிருந்து இயர்போனைக் கழற்றுவார்கள். மதகடிப்பட்டில் இருப்பது ராஜராஜன் காலக் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில். மாமியார் சிரமமில்லாமல் சுற்றி வரலாம்.

இரண்டாம் நாள் விழுப்புரம் செஞ்சி சாலை. மண்டகப்பட்டை முதலில் பாருங்கள். ஒரு பாறை, அதில் குடைந்த மண்டபம், இரண்டு பக்கமும் வாயிற்காவலர். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் அமைத்த கோயில் என்று தூணில் கல்வெட்டு இருக்கிறது. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர், காலம் 7ஆம் நூற்றாண்டு. உள்ளே மூன்று அறைகளும் காலி. சாமி இல்லாத கோயிலுக்கு எதற்குப் போகிறோம் என்று மாமியார் கேட்டால் முன்பே தயாராக இருங்கள். பக்கத்தில் தளவானூரிலும் அதே மன்னனின் குடைவரை உண்டு. நேரம் இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் குறை ஒன்றுமில்லை.

பனமலையைத் தவறவிட வேண்டாம். ஏரிக்கரையில் ஒரு சிறு குன்று, மேலே ராஜசிம்மப் பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். அங்கே ஒரு சிறு சன்னதியின் சுவரில் பார்வதியின் ஓவியம் மிச்சம் இருக்கிறது. 1,300 வருஷம் ஆகியும் முகம் தெரிகிறது. கேட்டால்தான் காட்டுவார்கள், கேட்காமல் வந்தவர்கள் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள். ஃபிளாஷ் போடவே கூடாது, பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். படிக்கட்டு ஏற வேண்டும் என்பதால் மாமியாருக்கு இது ஒத்துவராது. ஜனவரியில் ஏரியில் தண்ணீர் இருக்கும். கீழே நிழலில் ஒரு மடக்கு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள். அன்றைக்கு வழியில் நல்ல கழிப்பறை கிடைக்காது, விழுப்புரத்திலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்றாம் நாள் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம். நுழைவுக் கட்டணம் இல்லை. பூஜை நடக்கும் கோயில், மதியம் நடை சாத்துவார்கள். கோயிலைப் பார்ப்பதற்கு முன்பே மாளிகைமேட்டுக்குப் போங்கள், இரண்டு கிலோமீட்டர்தான். சோழர் அரண்மனையில் மிஞ்சியது செங்கல் அடித்தளம் மட்டும். அரண்மனை எங்கே என்று பிள்ளைகள் கேட்டால் அதுவே பாடம். இங்குள்ள கோயிலின் சுற்று மதில் கல்லை 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப் பெயர்த்துக் கொண்டு போனார்கள். இடிந்த கோயில்களில் பாதி தானாக இடியவில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற தூண்கள்கூட செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவை என்பார்கள். உங்கள் நாத்தனார் சின்ன வயதில் அதில் சாய்ந்து பட்டாணி சுண்டல் சாப்பிட்டிருப்பார்.

இப்போது ஓசிஐ கார்டு விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் புதுச்சேரிக் குடும்பங்கள் இதில்தான் காலங்காலமாக ஏமாறுகின்றன. நான் மேலே சொன்ன கிராமத்து இடங்களில் டிக்கெட்டே கிடையாது, அதனால் அங்கே யாரும் எந்தக் கார்டையும் காட்ட வேண்டாம். ஆனால் வந்தவர்கள் மாமல்லபுரமும் போகாமல் விடமாட்டார்கள். அங்கே இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் இருவருக்கும் 1,200 ரூபாய்க்குச் சீட்டு கிழிப்பார்கள். கிழிக்க விடாதீர்கள். தேசியச் சின்னங்களின் நுழைவுக் கட்டணத்தில் ஓசிஐ கார்டு உள்ளவர் இந்தியருக்குச் சமம் என்று உள்துறை அமைச்சகத்தின் 2021 மார்ச் 4ஆம் தேதி அறிவிப்பு தெளிவாகச் சொல்கிறது. அதற்கு முன்பும் இந்தச் சலுகை இருந்தது. எனவே 80 ரூபாய்தான். கார்டின் அசல் கையில் இருக்க வேண்டும், செல்போனில் இருக்கும் படம் போதாது என்று திருப்பி அனுப்பினால் வாதாட நேரம் இருக்காது. அந்த அறிவிப்பை ஒரு காகிதத்தில் அச்செடுத்து, அந்த வரியில் கோடு போட்டு எடுத்துப் போங்கள். கவுன்டரில் இருப்பவருக்கு அவருடைய துறையே இதைச் சொல்லிக் கொடுத்திருக்காது. இன்னொன்று, கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் சலுகை. கூடவே ஒரு பிரெஞ்சு நண்பர் இ-விசாவில் வந்திருந்தால் அவருக்கு 600தான். பிள்ளைகளுக்கு 15 வயது வரை யாராக இருந்தாலும் டிக்கெட் இல்லை. டிராவல்ஸ்காரரின் பேக்கேஜில் ‘ஃபாரினர் என்ட்ரி’ என்று ஒரு வரி இருக்கும், அதை முதலில் அடியுங்கள்.

காருக்கு வருவோம். நாள் வாடகையா, கிலோமீட்டரா, ஷெட்டிலிருந்து ஷெட்டா, டிரைவர் பேட்டா எவ்வளவு, டோல் யார் கொடுப்பது, புதுவை வண்டி என்றால் தமிழ்நாட்டு பர்மிட் செலவு யாருடையது: ஐந்தையும் வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அந்த மனிதர் சொன்ன ‘பர்மிஷன்’, யோசித்துப் பார்த்தால், பாதி இந்த வண்டி பர்மிட்டாகக்கூட இருக்கலாம்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது வேறு ஒரு ஆளுக்கு. பிரான்சிலிருந்து வந்த கூட்டம் என்று தெரிந்ததும், “சார், எங்க தாத்தா காலத்து ஐம்பொன் சிலை ஒண்ணு இருக்கு” என்று ஒருவர் வருவார். வாங்காதீர்கள். பார்க்கக்கூடப் போகாதீர்கள். 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் நாட்டைவிட்டு எடுத்துப் போவது 1972 சட்டப்படி குற்றம். பொய்ப் பழசு என்றால் காசு போச்சு, நிஜப் பழசு என்றால் மானம் போச்சு. கடையில் புதிதாக வார்த்த சிலை வாங்கினாலும், பழம்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையின் சான்றிதழ் வாங்கிக்கொண்டு விமான நிலையம் போகச் சொல்லுங்கள். பில்லை வைத்துக்கொண்டு அங்கே வாதாட முடியாது. நம் மாவட்டத்து விருத்தாசலத்திலிருந்து திருட்டுப்போன அர்த்தநாரீசுவரர் ஆஸ்திரேலியா வரை போய் 2014இல்தான் திரும்பினார். கூடவே திரும்பிய நடராஜர், கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் ஸ்ரீபுரந்தானில் ஏறக்குறைய கைவிடப்பட்டிருந்த கோயிலிலிருந்து போனவர். அதனால்தான் இன்றைக்குக் காமிராவோடு போகிறவரை ஊர்க்காரர்கள் நிறுத்தி யார், எங்கிருந்து என்று விசாரிக்கிறார்கள். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். விசாரிக்காமல் விட்ட ஊர்களில்தான் பீடம் காலியாக இருக்கிறது.

தேதியை இப்படிப் பாருங்கள். போகிப் பண்டிகையிலிருந்து காணும் பொங்கல் வரை எந்தக் கிராமத்திலும் சாவிக்காரர் அகப்பட மாட்டார். தை 5ஆம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா, அன்றைக்குக் கடலூரைவிட்டு வெளியே போகும் சாலையில் கார் நகராது. அன்று வீட்டிலிருந்து நடந்து போய் ஆற்றையே பாருங்கள், மாமியாருக்கு அதுதான் பிடிக்கும். தை 6க்கு மேல் வாரநாளாக மூன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். சாலையில் நெல் காயவைத்திருப்பார்கள், டிரைவரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.